பதினைந்து கிராம் சதுரம்

நாளையிலிருந்து இந்தக் குரோஷாப் பின்னல் வகுப்பை நடத்தப்போகிற உங்கள் நான்கு பேருக்கும் நான் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று அறக்கட்டளைச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. நான் செய்த கோளாறு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். பேசும்போது என் கை நூலைப் பிரித்துக்கொண்டே இருக்கும். எதைப் பிரிக்கிறேன் என்று இப்போது கேட்காதீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் போட்டு உடைத்துவிடுகிறேன். வெளியே சுவரில் என் பெயரோடு ‘குரோஷா ஆசிரியர்’ என்று பலகை தொங்குகிறதே, அதை மாட்டிய அன்றைக்குக் குரோஷா ஊசியை எந்த விரலில் பிடிப்பது என்றே எனக்குத் தெரியாது. கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடி போட வேண்டியிருந்தது.

கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு நூற்பாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். நூலைப் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடம். இவ்வளவு நீளம் நூல் இவ்வளவு எடை இருந்தால் இன்ன நம்பர் நூல் என்று சொல்லிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே நாற்பதாம் நம்பரா அறுபதாம் நம்பரா என்று சொல்லுவேன். புதிதாக வருகிற இன்ஜினியர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் அந்த நூலை வைத்து ஒரு சட்டைப் பொத்தான் தைக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷமும் பொத்தான் தைத்தது என் மனைவி தேவகிதான்.

ஓய்வு பெற்றதும் தேவகியின் ஊரான இந்த வெள்ளகோவிலுக்கே வந்துவிட்டோம். அப்போதுதான் இந்த அறக்கட்டளை பெண்களுக்குக் குரோஷா வகுப்பு தொடங்கியது. நூல் வாங்கித் தரும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கோயமுத்தூரிலிருந்து வருவதாக இருந்த டீச்சரம்மா கடைசி நேரத்தில் மருமகளின் பிரசவம் பார்க்க மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டான் என்று போய்விட்டார். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை.

“நூல்தானுங்க? அதென்ன பெரிய விஷயம், நான் எடுக்கறேன் போங்க” என்றேன்.

வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருந்தது. செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஏதோ ஒரு வெளிநாட்டு அம்மா, என்ன பாஷை என்றே தெரியாது. சத்தத்தை நிறுத்திவிட்டு விரல்களை மட்டும் பார்ப்பேன். முதல் வாரம் நூல் என்னைப் பின்னியது. இரண்டாவது வாரம் சங்கிலி வந்தது. நான் பாட்டுக்குச் சங்கிலியாகப் போட்டுத் தள்ள, தேவகி அதில் துணி காயப்போட்டாள். மூன்றாவது வாரம் வரிசைக்கு மேல் வரிசையாகப் போடக் கற்றுக்கொண்டேன். அந்த அம்மாவின் கட்டைவிரல் மட்டும் ஒவ்வொரு வரிசை முடிவிலும் கடைசிக் கண்ணியை, அதாவது கடைசி நூல் வளையத்தை, மறைத்துக்கொண்டே இருந்தது. விரல் மறைக்கிற இடத்தில் பெரிதாக என்ன நடந்துவிடப்போகிறது என்று விட்டுவிட்டேன். இந்தக் கதை முழுக்க அந்தக் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருக்கிறது.

இருபது பெண்கள் சேர்ந்தார்கள். அதில் மரகதம் ஒருவர். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருஷம் விசைத்தறியில் நின்று வேலை செய்தவர். முழங்கால் தேய்ந்துபோய், இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதற்காகச் சேருகிறீர்கள் என்று முதல் நாள் எல்லோரையும் கேட்டேன். பொழுதுபோக்கு, பேத்திக்குச் சட்டை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மரகதம் எழுந்து நிற்கப் பார்த்தார், நான் உட்காரச் சொன்னேன்.

“பையன் சம்பாரிக்கறானுங்க சார், சோத்துக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. வேலையத்து உக்காந்திருந்தா எனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போகுமுங்க. உக்காந்துட்டே செய்யற வேலைன்னு இந்த ஊர்ல இது ஒண்ணுதானுங்க கெடச்சுது” என்றார்.

அதற்கு ஒரு வழியும் இருந்தது. கோயமுத்தூரில் பச்சைக் குழந்தைகளுக்கான சாமான்கள் விற்கும் கடைக்கார அம்மா ஒருவர், நூல் போர்வை கேட்டிருந்தார். மாதிரிக்கு ஒன்று. இருபது பெண்களும் ஆளுக்கொரு சதுரம் போட வேண்டும், இருபதையும் சேர்த்து ஒரு போர்வை. மாதிரி பிடித்துவிட்டால் அதில் யார் சதுரம் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்தே செய்ய நிரந்தரமாக வேலை. மரகதத்துக்கு அந்தப் போர்வையில் ஓர் இடம் வேண்டும். அது எனக்கும் தெரியும்.

அடியில் இருபது கண்ணி, மேலே பன்னிரண்டு வரிசை, இதுதான் சதுரம். போட்டார்கள். மேலே போகப்போகச் சதுரம் குறுகிக்கொண்டே போனது. உங்களுக்கு இப்போதே காரணம் தெரிந்திருக்கும். வரிசை முடிவில் ஓரத்துக் கண்ணியைப் போடாமல் திரும்பினால் வரிசைக்கு ஒன்று குறையும். அந்தக் கண்ணி கட்டைவிரலுக்கு அடியில் இருந்ததால் எனக்குத் தெரியாது. நான் விட்டேன், நான் சொல்லிக்கொடுத்தவர்களும் விட்டார்கள். அடியில் இருபது, உச்சியில் ஒன்பது.

முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டும்விட்டார், மேலே குறுகுதுங்களே என்று. தெரியலைங்க என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் கேள்வி நூலைப் பற்றி, கேட்டது முப்பத்திரண்டு வருஷ ஆய்வுக்கூடத்தை. கரும்பலகையில் படம் போட்டு, நூலின் முறுக்கு, கையின் இறுக்கம், வெள்ளகோவில் காற்றில் ஈரப்பதம் இல்லாதது என்று இருபது நிமிஷம் பேசினேன். ஆலையில் புகைபோலத் தண்ணீர் தெளிப்போம், இங்கே அந்த வசதி இல்லை, அதனால் நூல் சுருங்குகிறது, கடைசியில் ஆவி இஸ்திரி போட்டு இழுத்தால் சரியாகிவிடும் என்றேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஈரப்பதம் என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு போடச் சொன்னேன்.

அப்புறம் தரக்கட்டுப்பாடு. அது இல்லாமல் என்னால் இருக்க முடியுமா? தராசு ஒன்று வாங்கி மேஜையில் வைத்தேன். சதுரத்தை அளக்க ஸ்கேல் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. ஆலைக்காரனுக்கு எடைதான் தெய்வம். பத்தொன்பது சதுரம் பதினொரு கிராம் காட்டியது. மரகதம் போட்டது பதினைந்து.

ஆய்வுக்கூடத்தில் இருபதில் பத்தொன்பது ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் விலகினால் என்ன செய்வோம்? அந்த ஒன்றை ஒதுக்குவோம். யோசிக்கவே மாட்டோம், கையே ஒதுக்கிவிடும். மரகதத்தின் சதுரத்தைத் தராசிலிருந்து எடுத்து அவரிடமே நீட்டினேன். எடை கூடுகிறது, கை தளர்ந்திருக்கிறது, பிரித்துப் போடுங்கள் என்றேன். அது நாலு பக்கமும் நேராக இருந்தது. நான் தராசின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பிரித்துப் போட்டார். மறுபடி பதினைந்து. மறுபடி பிரிக்கச் சொன்னேன். மூன்றாவது முறையும் பதினைந்து. அதே நூலைத் திரும்பத் திரும்பப் பிரித்ததில் அது பஞ்சுபோல நொய்ந்திருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை பேருக்குப் புரிவது இந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் புரியவில்லை என்று செயலாளரிடம் புலம்பினேன். அடுத்த திங்கட்கிழமை நாலாவது சதுரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பதினொரு கிராம். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! விடாமுயற்சி என்றால் இதுதான் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். மரகதம் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. புதனும் இல்லை. சனிக்கிழமை மாதிரியைப் பார்க்கக் கடைக்கார அம்மா வருகிறார். மரகதத்தின் சதுரம்தான் வந்துவிட்டதே என்று நானும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் இருபது சதுரத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரி போட்டேன். இழுத்தேன். மறுபடி ஆவி விட்டு இழுத்தேன். ஒரு சதுரத்தில் ஓட்டையே விழுந்தது. தேவகி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, “ஏனுங்க, எத்தன கொழந்தைக்கு இத்தன பாவாடை வெட்டி வெச்சிருக்கறீங்க?” என்று கேட்டாள்.

சிரிக்க முடியவில்லை. முதல் தடவையாகத் தராசை விட்டுவிட்டு, விரலால் கண்ணிகளை எண்ணினேன். அடியில் இருபது. அதற்கு மேல் பத்தொன்பது. அதற்கு மேல் பதினெட்டு. எனக்குக் கணக்கு வரும். இருபது கண்ணி வீதம் பன்னிரண்டு வரிசை ஒழுங்காகப் போட்டால் ஒரு சதுரம் எத்தனை கிராம் வரும் என்று மனதுக்குள்ளேயே போட்டேன். பதினைந்து வந்தது. 

செயலாளரைக் கூப்பிட்டேன். ஓடிவந்தார், பார்த்தார். அவர் பதறவில்லை, எனக்கு அதுதான் ஆபத்தாகப் போனது. ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தால் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதே என்று வைத்தே காட்டினார். நிஜமாகவே பொருந்தியது. கடைசி ஓரம் மட்டும் சாயும், மடித்துத் தைத்தால் தெரியாது. “டிசைன்னு சொல்லிப்போடலாமுங்க, நீங்க வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்” என்றார்.

பொய் சொல்வானேன், எனக்கு ஆசை வந்தது. அழகாகக்கூட இருந்தது. கடைக்கார அம்மா மயங்கியிருப்பார், மரகதத்தின் நாலாவது சதுரம் உள்பட இருபதும் போர்வையில் இருக்கும், இருபது பேருக்கும் வேலை கிடைத்துவிடும். என் மானமும் தப்பும். யாருக்கு என்ன நஷ்டம்? வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். மரகதத்தின் சதுரம் கைக்கு வந்தது. அந்த நொய்ந்த நூலைத் தொட்டதும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. மூன்று முறை சரியாகப் போட்டவர் நாலாவது முறை எப்படித் தப்பாகப் போட்டார்? அதைக் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும் என்று எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் தேவகியை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு மரகதத்தின் வீட்டுக்குப் போனேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வாங்க வாங்க என்று எழுந்திருக்கப் பார்த்தார். நான் கேள்வியைக் கேட்டேன். 

“எங்க தப்புன்னு எனக்கு வெளங்கலைங்க சார். அப்பறம் பக்கத்துல இருக்கற புள்ளை போடறதப் பாத்தனுங்க. ஓரத்துல ஒரு கண்ணிய உட்டுப்போட்டுத் திரும்பறா. சரி, சார் இதத்தான் கேக்கறாராட்ட இருக்குதுன்னு நானும் வேணும்னே உட்டுப்போட்டுப் போட்டனுங்க. நீங்க கைதட்டச் சொன்னீங்க.”

 ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அசட்டுத்தனமாக ஒன்றைக் கேட்டேன். நீங்கள் நூலைப் பற்றிப் படித்தவர், ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தேன் என்றார். துணியின் ஓரத்தைத் தறிக்காரர்கள் கரை என்பார்கள். கரையில் ஓர் இழை அறுந்தால்கூடத் தறியை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை.

“இருவத்தெட்டு வருசம் தறி ஓட்டிருக்கறனுங்க. ஒருநாளும் கரையை உட்டதில்லீங்க. அன்னிக்குத்தான் உட்டேன். அதுக்குப்போயி கைதட்டு வாங்கிப்போட்டேன். அதுக்கு மேல அந்த ஊசியத் தொட மனசு வரலைங்க சார்.”

மூன்று முறை பிரிக்கச் சொன்னதைக்கூட அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் பாராட்டியதுதான் அவரைப் படுத்திவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. வாசலில் நின்றபடியே மன்னித்துவிடுங்கள் என்றேன். ஐயோ வேண்டாமுங்க என்று அவர் பதறினார். நாளைக்கு வாருங்கள் என்றேன்.  அவர் தேவகியின் கையில் ஒரு படி வெங்காயத்தைக் கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வரும்போது தேவகி பின்னாலிருந்து சொன்னாள்: “கைதட்டுனது எல்லாருத்துக்கும் முன்னால. மன்னிப்பை மட்டும் அவங்க ஊட்டு வாசல்ல ஆருக்கும் தெரியாம கேட்டுப்போட்டு வந்தா எப்படீங்க?”

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் நின்றேன்.  நான் சொல்லிக்கொடுத்தது தப்பு, மரகதம் போட்டதுதான் சரி, சரியானதை மூன்று முறை பிரிக்கவைத்து, தப்பானதற்குக் கைதட்டவைத்தேன் என்று சொன்னேன்.  அப்போது முன் வரிசைப் பெண் நோட்டைப் புரட்டி, கோடு போட்ட இடத்தில் விரலை வைத்துக் கேட்டார்.

“அப்ப இந்த ஈரப்பதமுங்க சார்?”

“அதெல்லாம் சும்மாங்க” என்றேன்.

வகுப்பு சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்பில் வாசல் பக்கமிருந்தும் ஒரு குரல் சேர்ந்தது. மரகதம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, நிற்கக் கூடாத காலோடு. நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் போட்டேன். அவர் ஊசியை வாங்கி, ஒரு வரிசை போட்டு, ஓரத்தில் நிறுத்தி, எல்லோருக்கும் தெரியும்படி கட்டைவிரலை விலக்கிக் காட்டினார். அந்தக் கண்ணியை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று முழுக்கப் பிரித்துப் போட்டோம். சனிக்கிழமை கடைக்கார அம்மா வந்தபோது தயாராக இருந்தது ஒன்பது சதுரம்தான். செயலாளர் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே இருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா என் கதையைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. ஒரு சதுரத்தின் நாலு மூலையையும் இழுத்துப் பார்த்தார், இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தார், மீதிப் பதினொன்று எப்போது கிடைக்கும் என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? மரகதத்தைப் பார்த்தேன். புதன்கிழமை என்றார். புதன்கிழமை போர்வை போனது. எட்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இங்கிருந்து போகிற ஒவ்வொன்றின் ஓரத்தையும் மரகதம் உட்கார்ந்தபடியே பார்த்த பிறகுதான் பெட்டியில் வைக்கிறோம். ஈரப்பதம் என்ற பட்டப்பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. நீங்களும் பின்னால் அப்படித்தான் கூப்பிடுவீர்கள் என்று தெரியும், பரவாயில்லை.

உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். தெரியாமல் சொல்லிக்கொடுக்க வந்தது குற்றமில்லை, நீங்களும் பாதி தெரியாமல்தான் வந்திருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஒருத்தர் வேலை மற்றவர்களுடையதைப் போல இல்லை என்றால், பிரியுங்கள் என்று சொல்லும் முன் ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். இந்த இரண்டாவதுதான் எனக்கு வர நாளானது. பாராட்டுவதானால் அதற்கு முன்னால் எண்ணிப் பாருங்கள்.

இப்போது என் கையில் இருப்பதைச் சொல்கிறேன். எனக்கு விடைகொடுக்கப் போர்வை ஒன்று போடுகிறார்கள், அதில் ஒரு சதுரம் நானே போட வேண்டுமாம். நேற்று முடித்துக் கொடுத்தேன். மரகதம் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். “பிரிச்சுப் போடுங்க சார்” என்றார். ஏனுங்க என்று கேட்டேன். ஒன்பதாவது வரிசையின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். எட்டு வருஷம் கழித்து, அதே கண்ணி.

இதோ, பிரித்து முடித்துவிட்டேன். அடியில் இருபது போட வேண்டும். நீங்கள் யாராவது ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எண்ணுங்கள்.